ஸ்டாப் சொல்லாத மகள்

தோவாளைச் சந்தையில் எங்களுக்குப் பூக்கடை. மொத்த வியாபாரம். ஊர் உறங்கும்போதே எழுந்து, வெயில் ஏறுவதற்குள் வியாபாரத்தை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுப்பதுதான் நான் அறிந்த சுகம். மலையைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். ஏற வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தாடகை மலை எதிரில் கிடக்கும். அது பாட்டுக்கு அது, நான் பாட்டுக்கு நான் என்று இருந்தோம்.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். கல்யாணம் ஆன நாளிலிருந்து லீவுக்கு வருவதும் போவதுமாகவே காலம் ஓடிவிட்டது. கொரோனாக் காலத்தில் மூட்டை முடிச்சோடு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வந்து பார்த்தால் மகள் அவர் நெஞ்சுயரத்துக்கு வளர்ந்து நிற்கிறாள். மகன் அவரை விருந்துக்கு வந்த மாமாவைப் போல நடத்துகிறான். மூன்று பேரும் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதற்கொரு வழி பண்ண வேண்டும் என்று மனுஷன் யோசித்துக் கண்டுபிடித்ததுதான் மலை.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் மலைக்குப் போவோம்" என்றார்.

"எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்து மனுஷர் மலை ஏறுவது சாமி கும்பிடத்தான்.

"கோயிலுக்கு இல்ல. சும்மா ஏறி இறங்கதுக்கு."

சும்மா ஏறி இறங்குவதற்கு ஒரு குடும்பம் புளிச்சோறும் துவையலும் கட்டிக்கொண்டு புறப்பட்டதை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை. கொழுந்தனாரிடம் கடையை விட்டுவிட்டு நான் ஷூ போட்டு இறங்கியபோது எதிர்வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கு நான் பிச்சிப்பூ கொடுக்கும்போது இன்றைக்கும் கொஞ்சம் குறைத்துத்தான் அளப்பேன்.

முதலில் போனது மருந்துவாழ் மலை. அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். ஷூ கயிற்றைக் குனிந்து பார்த்தார். தண்ணீர் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கொரு விசில். யாருக்காவது உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். வளைகுடாவில் அவர் கம்பெனியில் வேலை தொடங்குவதற்கு முன்னால் தினமும் இப்படித்தான் நிற்க வைத்துப் பேசுவார்களாம்.

"நாம என்ன, மேல எண்ணெய்க் கிணறா தோண்டப் போறோம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த நேரத்தில் அவருக்குச் சிரிப்பு வராது.

பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது. வேலை நடக்கும்போது யாருக்காவது பயம் வந்தாலோ முடியாமல் போனாலோ ஸ்டாப் என்று சொல்லலாம். நேற்று வந்த கூலியாள் சொன்னாலும் மேனேஜர் நின்றாக வேண்டும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. பிறகு அதை வைத்துக் குத்திக்காட்டக் கூடாது. "நம்மளுக்கும் அதான். நாலு பேருல ஆரு ஸ்டாப் சொன்னாலும் நாலு பேரும் இறங்குவோம். ஏன்னு கேக்கப்பிடாது. வீட்டுக்குப் போயும் கேக்கப்பிடாது."

மற்றவர்களுக்கு எப்படியோ, எனக்கு இது பெரிய தண்டனை. சந்தையில் ஒரு கூடை பூவை எடுப்பதற்குள் பத்துக் கேள்வி கேட்கிறவள் நான். எந்த வயல், எப்போது பறித்தது, ஏன் வாடியிருக்கிறது, ஏன் நேற்று வரவில்லை. கேள்வி கேட்காமல் இருந்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சட்டத்தை முதலில் சோதித்துப் பார்த்தவன் மகன். அப்போது சின்னப் பையன். பாதி மலையில் உட்கார்ந்துகொண்டு, முந்திரிக்கொத்து இருந்த டப்பாவைப் பார்த்தபடி "ஸ்டாப்" என்றான். தின்னக் கிடைக்கும் என்று நினைத்தான் போலிருக்கிறது. அவன் அப்பா உடனே எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார், திரும்பி இறங்கத் தொடங்கினார்.

பையன் பின்னால் ஓடினான். "அப்பா, நான் சும்மா சொன்னேன்பா. வெளையாட்டுக்கு."

"சும்மா சொன்னாலும் சொன்னது சொன்னதுதான் மக்கா. இன்னைக்கு நான் நம்பலன்னா நாளைக்கு நீ நெசமாச் சொல்லும்போ எப்படி நம்புவேன்?"

வீடு வரைக்கும் அவன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு விளையாட்டுக்கு அந்த வார்த்தையை அவன் தொட்டதில்லை. நிஜமாகச் சொல்லியிருக்கிறான். ஒரு தடவை வேளிமலைப் பக்கம் அட்டை கடித்து ரத்தத்தைப் பார்த்துப் பயந்து சொன்னான். இறங்கினோம்.

அவர்கூட ஒரு தடவை சொன்னார். கீரிப்பாறைக்கு மேலே, ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தார். திடீரென்று நின்று ஸ்டாப் என்றார். திரும்பினோம். யானை வாடை அடித்ததா, மூட்டு வலித்ததா, என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் போட்ட சட்டத்தில் அவரே ஒளிந்துகொண்டார் என்று அன்றைக்கு ராத்திரி வரை எனக்குக் கடுப்பாக இருந்தது.

நான் சொன்னது தாடகை மலையில். கீழிருந்து பார்த்தால் ஒரு பெண் மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி தெரியும் மலை அது. அதன் உச்சியை எங்கள் பக்கத்தில் மூக்கு என்று சொல்வோம். உச்சிக்குக் கீழே ஒரு மொட்டைப் பாறை சரிந்து கிடக்கிறது. பிடிக்கச் செடி இல்லை, புல் இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் கீழே ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் தெரிகின்றன, இன்னொரு பக்கம் வெறும் பள்ளம், பார்க்கவே வேண்டாம். பாறையில் ஏறிப் பாதி தூரம் போனதும் என் கை கால் எல்லாம் விறைத்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டாப் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சந்தையில் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் கேட்கிற தொண்டை.

மகள்தான் எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மூக்கு மேல் அப்படி ஓர் ஆசை. சின்ன வயதில் மாடியில் என்னோடு நின்று, "அதுக்க மேல ஏறி நின்னா கடல் தெரியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், ஒரு நிமிஷம் மேலே பார்த்தாள், பிறகு பேசாமல் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது ஒரு வார்த்தை கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை. நானே ஆரம்பித்தேன், "எனக்கு அந்தப் பாறையில என்னாச்சுன்னா..." என்று. அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கேக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்." அன்றைக்குத்தான் அந்தச் சட்டத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. எத்தனையோ வருஷம் கழித்து ஒரு இடத்தில் நான் தோற்றேன், அதற்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இப்படி நாங்கள் மூன்று பேரும் சொல்லியிருக்கிறோம். மகள் மட்டும் ஒருதடவைகூடச் சொன்னதில்லை.

எனக்கு அதில் பெருமை. சந்தையில் நாலு பேர் கூடினால் நான் பேசுவது அவளைப் பற்றித்தான். அவள் படிப்பு, அவள் அடக்கம். காய்ச்சலோடு பள்ளிக்கூடம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்து, சாயங்காலம் படுத்த பிறகுதான் உடம்பு கொதிப்பதே எனக்குத் தெரியும். "ஒனக்க வாய்க்கு இப்பிடி ஒரு பிள்ளையாட்டி" என்று சந்தையில் கேலி பேசுவார்கள். நானும் சிரிப்பேன்.

அவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார், "இவ இதுவரைக்கும் ஒரு தடவை ஸ்டாப் சொல்லல. கவனிச்சியா?"

"தைரியம் உள்ளவ. உங்களையும் என்னையும் மாதிரியா?"

"இல்லட்டி. அங்க கம்பெனியில பயந்து நிக்கவனப் பாத்து எங்களுக்குப் பயம் வராது. அவன் வாயைத் தொறந்து சொல்லிருவான். ஒண்ணும் சொல்லாம தலையாட்டிக்கிட்டே வேலை பாக்கான் பாரு, அவனத்தான் நாங்க கண்ணு வச்சிட்டே இருப்போம்." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன் வந்தான். தங்கமான பய. நல்ல வெயிலு. தலை சுத்துகு, குடிக்க வெள்ளம் வேணும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்க வெக்கப்பட்டு நின்னான். அவனப் பெட்டியிலதான் ஊருக்கு அனுப்பினோம்."

அதுவரை அந்தப் பையனைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதில்லை. அன்றைக்கு அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து என் பெருமையில் புழு விழுந்தது. மகளைப் பார்க்கும்போதெல்லாம், இவளுக்கு என்ன வலிக்கிறது என்று எனக்குத் தெரியுமா என்ற நினைப்பு வந்துவிடும்.

பத்தாம் வகுப்பில் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்து, ஊரில் எல்லாரும் டாக்டர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். வடக்கே, மதுரைக்கும் அப்புறம், ஹாஸ்டலோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. விடியக்காலம் எழுந்தால் படுக்கிற வரைக்கும் படிப்பு. போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வார்டன் போனில் பேசலாம். கண்டிப்பான இடம், ஆனால் நல்ல இடம், எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றிய இடம். "போறியா மக்கா?" என்று அவர் அவளிடம் கேட்டார். "போறேன்பா" என்றாள். நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்போதும் "போறேம்மா" என்றாள். அவளுக்கு அது ஆசையா, நாங்கள் ஆசைப்படுகிறோம் என்று சொல்கிறாளா, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடியாது என்று சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையை, முடிகிறதா என்று கேட்க ஆளில்லாத இடத்துக்கு அனுப்புகிறோமே என்ற பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது.

போவதற்கு முந்தைய வாரம் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவள் கேட்டது ஒன்றுதான். "மூக்குல ஏறணும்."

சாரல் காற்று தொடங்கியிருந்த நேரம். வனத்துறையிடம் முறையாகச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு விடியலில் கிளம்பினோம். அடிவாரத்தில் வழக்கம்போல வரிசையில் நின்றோம். மகள் காலில் புது ஷூ. ஹாஸ்டலுக்கு வாங்கியது. பழையது அடி பிளந்துவிட்டிருந்தது.

"புது ஷூ போட்டுட்டு மலை ஏறப்பிடாதுன்னு தெரியும்லா?" என்றார் அவர்.

"ரெண்டு நாளா வீட்டுக்குள்ள போட்டு நடந்து பாத்தேன்பா. ஒண்ணும் செய்யல."

அவர் யோசித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சரி என்று விட்டுவிட்டார். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.

மகன் முன்னால், அவன் பின்னால் மகள், பிறகு நான், கடைசியில் அவர். ஆடு மேய்க்கிறவர்கள் போட்ட ஒற்றையடிப் பாதை. புல் நனைந்து வழுக்கியது. மரங்கள் விலகி வெளிச்சம் வந்த இடத்தில்தான் பார்த்தேன், அவள் இடது காலைக் கொஞ்சம் சரித்து வைக்கிறாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் வலது காலும் சரிந்தது.

"ஏட்டி, காலு வலிக்கா?"

"இல்லம்மா."

"ஷூ கடிக்கா?"

"இல்லம்மா. ஏறுங்க."

எனக்குத் தெரியாதா? பின்னால் நடக்கிறவளுக்கு முன்னால் நடக்கிறவளின் குதிகால்தான் கண்ணுக்கு நேரே இருக்கிறது. ஒரு திருப்பத்தில் நின்று அவரைப் பிடித்துக்கொண்டேன். "இஞ்ச பாருங்க, பிள்ளைக்குக் காலு பிஞ்சு போச்சு. நான் ஸ்டாப் சொல்லப் போறேன்."

அவரும் பார்த்திருக்கிறார். முகம் கறுத்துக் கிடந்தது. "ஒனக்கு முடியலன்னா நீ சொல்லு. அவளுக்கு முடியலன்னா அவ சொல்லட்டு."

"அவ சொல்ல மாட்டா."

"இன்னைக்கு நீ அவளுக்காகச் சொல்லிருவே. அங்க போயி ஆரு சொல்லுவா?"

"நீங்கல்லாம் ஒரு மனுஷனா?" என்றேன். அவர் ஏறு என்று கையைக் காட்டினார். எனக்கு அவரை அந்த இடத்திலேயே உருட்டிவிடலாம் போலிருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி என்றும் தெரிந்தது. அதனால்தான் இன்னும் கோபம். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் நிற்கும்போது, இப்போது சொல்லிவிடுவாள், இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்து நின்றேன். நாலடி எடுத்து வைக்கும் முன் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வாள், அதுவும் எனக்குக் கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை.

மொட்டைப் பாறை வந்தது. போன தடவை என்னை விறைக்க வைத்த அதே பாறை. நான் எப்படி ஏறினேன் என்றே தெரியவில்லை. கீழே பார்க்க மறந்துவிட்டேன். என் கண் முழுக்க அந்த இரண்டு குதிகாலில்தான் இருந்தது.

மூக்கின் மேல் நின்றோம். மகன் இரண்டு கையையும் விரித்துக் கத்தினான். காற்று அவன் சத்தத்தை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. குளங்களும் வயலும் தென்னையும், எங்கள் ஊர்ப் பூ வயல்களும், எல்லாவற்றுக்கும் அப்புறம் கடல். மகள் கடலைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிப் பல் தெரியச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. வா, போட்டோ எடுப்போம் என்று தம்பியை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தப் போட்டோவில் மூன்று பேர் சிரிக்கிறோம். அவர் சிரிக்கவில்லை.

போட்டோ எடுத்து முடிந்ததும் அவர் அவளை உட்கார வைத்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் குதிகாலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊற்றித்தான் எடுக்க முடிந்தது. இரண்டு காலிலும் தோல் இல்லை. ஷூவுக்குள் ரத்தம் ஊறிக் கிடந்தது. மகன் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தூரப் போய் நின்றுகொண்டான்.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வாயில என்னட்டி வச்சிருந்தே? ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா போயிருவே? நாங்க என்ன, உன்ன அடிச்சா ஏத்தினோம்?"

அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள். "சொல்லிருந்தா எல்லாரும் எறங்கிருப்போம்லாப்பா?"

"ஆமா மக்கா. எறங்கிருப்போம்."

"அதான் சொல்லல. என்னால நீங்க எல்லாரும் எதுக்கு எறங்கணும்?"

அவர் அவள் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். என்னமோ சொல்வார் என்று பார்த்தேன். துண்டைக் கிழித்துக் கட்டினார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன், பிள்ளைகள் பார்க்கவில்லை. நாலு வருஷமாக அந்த மனுஷன் மலை மலையாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுக்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் கற்றுக்கொண்டிருந்தாள்.

இறங்குவதற்கு நேரம் பிடித்தது. தூக்கிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார். வேண்டாம் என்று ஷூவின் பின்பக்கத்தை மடித்துப் போட்டுக்கொண்டு அவளே நடந்தாள். மறுநாள் போட்டோவைப் பார்த்துச் சந்தையில் எல்லாரும் பாராட்டினார்கள். கெட்டிக்காரி, நெனச்சா நெனச்சதுதான் என்றார்கள். நான் சிரித்துவைத்தேன். அந்த மலையில் நாங்கள் தோற்றுவிட்டு வந்தோம் என்று யாரிடம் சொல்ல?

கால் ஆறுவதற்குள் ஹாஸ்டலுக்குப் போகிற நாள் வந்துவிட்டது. வாசலில் விடும்போது அவர் அவள் தலையில் கை வைத்து, "முடியலன்னா சொல்லு. காரணம் வேண்டாம்" என்றார். "சரிப்பா" என்றாள். திரும்பி வரும் வழி நெடுக என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சரிப்பாதான். அது எந்தக் கேள்விக்கும் அவள் சொல்கிற பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேசினோம். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், உறங்கினாயா, பக்கத்தில் யார் படுக்கிறாள், என்னென்னவோ கேட்பேன். எல்லாவற்றுக்கும் பதில் வரும். நல்லா இருக்கேம்மா. சாப்பாடு நல்லா இருக்கும்மா. எல்லாரும் நல்லா பேசுகாங்கம்மா. போனை வைத்த பிறகு அவர் என்னைப் பார்ப்பார். நான் ஒன்றும் இல்லை என்று தலையாட்டுவேன். மார்க்கும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஒருவேளை நாம்தான் இல்லாத பேயைப் பார்க்கிறோமோ என்று எனக்கே தோன்றத் தொடங்கியது. சில பிள்ளைகள் அப்படித்தான், தாங்கும் உடம்பு, தாங்கும் மனசு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஓணம் வந்தது. எங்கள் சந்தைக்கு வருஷத்தில் அந்த நாட்களுக்கு மேல் ஒன்று கிடையாது. அத்தப்பூக் கோலத்துக்குக் கேந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் அரளியும் மலை மலையாக வந்து குவியும். மலையாளத்து வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்பார்கள். ஓணத்துக்கு முந்தைய நாள் நடக்கிற வியாபாரத்தில்தான் எங்கள் வருஷம் ஓடும். அந்த நாள் விடிந்தும் விடியாத நேரம், நான் ஒரு மலையாளத்துக்காரரோடு கேந்திக்கு விலை பேசித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். இடுப்பில் போன் அடித்தது. வார்டன் நம்பர். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை.

"அம்மா" என்றாள் மகள்.

"என்ன மக்கா?"

மூச்சு மட்டும் கேட்டது. மலையில் நான் கேட்ட மூச்சு அது.

"என்னால முடியலம்மா. வந்து கூட்டிட்டுப் போங்க."

சந்தை அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. ஏன் என்ற கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. சாப்பாடா, படிப்பா, யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்புக்கா, இத்தனை நாள் நல்லா இருக்கேன் என்றாயே. அத்தனையும் வந்து பல்லில் முட்டி நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையையும் விழுங்கினேன். என் வாழ்நாளில் அத்தனை கேள்வியை நான் ஒன்றாகக் கேட்காமல் விட்டதில்லை.

"வாறோம் மக்கா" என்றேன்.

அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய், "பிள்ளை முடியலன்னு சொல்லுகா" என்றேன். தராசில் இருந்த பூவை அப்படியே விட்டுவிட்டுச் சட்டையை உதறினார். கொழுந்தனார் ஓடி வந்து, "மைனி, இன்னைக்கா? ஓணம்லா? சாயங்காலம் போனாப் போராதா?" என்று கேட்டார். கடையையும் பையனையும் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் வண்டியில் ஏறிவிட்டேன்.

உச்சிப்பொழுது தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். வார்டன் அம்மாள் நல்ல மனுஷி. பதறிப்போய் உட்கார்ந்திருந்தார். "ரொம்பத் தங்கமான பொண்ணுங்க. இத்தனை நாள்ல ஒரு குறை சொன்னதில்லைங்க. நானும் காலைல இருந்து கேக்கறேன், வாயே திறக்க மாட்டேங்கறா. என்ன காரணம்னு உங்ககிட்டயாவது சொன்னாளாங்க? ஸ்கூல்ல பெரியவங்களுக்கு நான் பதில் சொல்லணுங்களே."

"நாங்க காரணம் கேக்கல" என்றார் அவர். "முடியலன்னு சொன்னா. வந்தோம்."

"திடீர்னு இப்படிக் கூட்டிட்டுப் போனா படிப்பு என்னாகுங்க?"

"அது பெறவு பாப்போம்."

மகள் பையோடு வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். அவர் பையை வாங்கிக்கொண்டார். நான் அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன். பேசினால் கேள்வியாகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

வண்டியில் அவளும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். மதுரை தாண்டும் வரைக்கும் அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் வெற்றிலையை அடக்குகிற மாதிரி கேள்வியை வாயில் அடக்கிக்கொண்டு வந்தேன்.

"இன்னைக்கு ஓண யாவாரம்லாம்மா?" என்றாள் திடீரென்று.

"ஆமா."

"என்னால நீங்க ரெண்டு பேரும் போட்டுட்டு வந்துட்டீங்களே."

"ஆமா, போட்டுட்டு வந்தோம்" என்றார் அவர் முன்னாலிருந்து. "நாளைக்குக் கூப்பிட்டாலும் போட்டுட்டு வருவோம்."

அவள் சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"போன அன்னைக்கே முடியலம்மா" என்றாள். "போன அன்னைக்கு ராத்திரியே முடியல."

அப்புறம் அவள் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, நெஞ்சு விம்மி விம்மி அழுதாள். அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அழுதபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அது அவளுடையது. நான் அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தேன். பெற்ற பிள்ளை கதறுவதைக் கேட்டு ஒரு தாய் சந்தோஷப்படலாமா என்று தெரியாது. நான் பட்டேன்.

அழுது ஓய்ந்ததும் துப்பட்டாவில் முகத்தைத் துடைத்தாள். அவர் வண்டியை எடுத்தார்.

"அப்பா, வண்டியை நிறுத்துங்க" என்றாள். "எனக்குப் பசிக்கு. ரொம்பப் பசிக்கு."

ரோட்டின் எதிர்ப்பக்கம் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. மனுஷன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பினார்.